ஒரு இலட்சம் ஏக்கர் அடி: பூச்சியங்களுக்குள் இருக்கும் கணக்கு

ஆசிரியர் அவர்கட்கு,

மாரி தொடங்கினால் வன்னிக் குளங்களின் தண்ணீர்க் கணக்கு பத்திரிகையின் முன்பக்கத்துக்கு வந்துவிடும். இரணைமடு, முத்தையன்கட்டு, வவுனிக்குளம், கட்டுக்கரைக்குளம் என்று ஒவ்வொன்றுக்கும் ஓர் எண். நீர்மட்டம் அடியில் வரும். கொள்ளளவு ஒரு செய்தியில் ஏக்கர் அடியில் வரும், அடுத்த செய்தியில் மில்லியன் கன மீற்றரில் வரும், தமிழக அணைகளோடு ஒப்பிடுகிறவர் டி.எம்.சி.யில் எழுதுவார். ஓர் அலகிலிருந்து இன்னோர் அலகுக்கு மாற்றும்போது பூச்சியம் ஒன்று கழன்று போவதும், பக்கத்துப் பக்கத்து இலக்கங்கள் இடம் மாறுவதும் இலகுவில் நடக்கக்கூடிய பிழைகள். சிறுபோகத்துக்கு எத்தனை ஏக்கர் விதைக்கலாம் என்று அந்த எண்களை வைத்துத்தான் கமக்காரர் பேசுகிறார்கள். ஆகவே இதைச் சின்ன விடயம் என்று விட முடியாது.

பெரிய எண் என்றால் பூச்சிய வரிசை என்று பார்த்துப் பழகிவிட்டோம். அதன் காரணிகளைப் பார்த்தால், அச்சில் வந்த எண் சரியா பிழையா என்பதை வாசகரே ஒரு தாளில் சோதித்துவிடலாம். ஆனால் எண் முழுதாக, மட்டந்தட்டாமல் அச்சாகியிருக்க வேண்டும். அதைக் கேட்டுத்தான் இந்தக் கடிதம். காரணத்தை ஒரே ஓர் எண்ணை வைத்துச் சொல்கிறோம்.

அந்த எண், ஒரு இலட்சம் ஏக்கர் அடியைக் கன அடியில் எழுதினால் வருவது. இரணைமடுவின் முழுக் கொள்ளளவு ஒரு இலட்சம் ஏக்கர் அடியைத் தாண்டியது என்பதால், இது நம் ஊரில் பொருள் உள்ள எண். ஒரு ஏக்கர் 43,560 சதுர அடி. அதன்மேல் ஒரு அடி உயரத்துக்குத் தண்ணீர் நின்றால் 43,560 கன அடி, அதுவே ஒரு ஏக்கர் அடி. இலட்சத்தால் பெருக்க 4,356,000,000 கன அடி. நம் வாயில் 435 கோடியே 60 இலட்சம், மில்லியனில் 4,356, டி.எம்.சி. என்றால் ஆயிரம் மில்லியன் கன அடி, ஆகவே 4.356 டி.எம்.சி. (மேட்டூர் அணையின் 93.47 டி.எம்.சி.யை இப்படியே திருப்பினால் 21 இலட்சத்து 45 ஆயிரம் ஏக்கர் அடிக்குச் சற்று மேல் வரும்.)

காரணிப்படுத்துவது இலகு. வலப்பக்கத்தில் ஆறு பூச்சியங்கள். ஒவ்வொரு பூச்சியத்துக்குள்ளும் ஒரு 2, ஒரு 5. அதிலேயே ஆறு 2உம் ஆறு 5உம் கிடைத்துவிட்டன. மிச்சம் 4356. இரண்டால் பிரிக்க 2178, மறுபடி இரண்டால் 1089, மூன்றால் 363, மறுபடி மூன்றால் 121, அது 11 × 11. சேர்த்து எழுதினால்:

4,356,000,000 = 2⁸ × 3² × 5⁶ × 11²

பத்து இலக்க எண்ணுக்கு நான்கே நான்கு முதன்மைக் காரணிகள். நான்கின் சுட்டிகளும் இரட்டை எண்கள். அப்படியென்றால் இது நிறைவர்க்கம். சுட்டிகளைப் பாதியாக்கினால் வர்க்கமூலம்: 16 × 3 × 125 × 11 = 66,000. பக்கம் 66,000 அடி கொண்ட ஒரு சதுர வெளியில் ஒரு அடித் தண்ணீர் நின்றால் சரியாக ஒரு இலட்சம் ஏக்கர் அடி. 66,000 அடி என்பது பன்னிரண்டரை மைல், 20 கிலோமீற்றருக்குச் சற்று மேல். அந்தத் தண்ணீரைத்தான் அணைக்கட்டும் துருசும் வான் கதவுகளும் தாங்கி நிற்கின்றன.

66 எங்கிருந்து வந்தது? நில அளவைச் சங்கிலியிலிருந்து. எட்மண்ட் குண்டர் 1620ஆம் ஆண்டளவில் வகுத்த சங்கிலி 66 அடி நீளம், நூறு கண்ணிகள். பத்துச் சதுரச் சங்கிலி ஒரு ஏக்கர். 66இன் வர்க்கம் 4356, அதைப் பத்தால் பெருக்க 43,560. சங்கிலியின் காலில் ஒரு பங்கு பதினாறரை அடி, அதாவது ஐந்தரை யார். அந்த ஐந்தரை என்பது 11இன் பாதி. ஏக்கருக்குள் 11 ஒளிந்திருப்பது அதனால்தான். 4356 எண்ணளவிலும் அழகானது. அதன் பாதி 2178, அதன் இரட்டி 8712. ஒன்றைத் திருப்பி எழுதினால் மற்றது. 4356ஐயே திருப்பி எழுதினால் 6534. முன்னது 1089இன் நான்கு மடங்கு, பின்னது ஆறு மடங்கு. தரம் 7 பிள்ளைகளுக்குக் கொடுத்துப் பார்க்கலாம்.

இனிச் சோதனைக்கு வருவோம்.

குளத்தின் கொள்ளளவு எத்தனை ஏக்கர் அடியாக இருந்தாலும், அது முழு எண்ணாக இருந்து பிழையின்றிக் கன அடிக்கு மாற்றப்பட்டிருந்தால், விடை 43,560ஆல் மீதியின்றிப் பிரிபட வேண்டும். 43,560 = 2³ × 3² × 5 × 11². ஆகவே விடை 9ஆலும் பிரிபட வேண்டும், 11ஆலும் பிரிபட வேண்டும், கடைசி இலக்கம் பூச்சியமாக இருக்க வேண்டும். 9க்கு இலக்கங்களைக் கூட்டினால் போதும்: 4 + 3 + 5 + 6 = 18, சரி. 11க்கு வலப்பக்கத்திலிருந்து ஒன்றைக் கூட்டி அடுத்ததைக் கழித்துக்கொண்டு போக வேண்டும். ஆறு பூச்சியங்களுக்கு அப்பால் 6 − 5 + 3 − 4 = 0, சரி. வேறோர் எண்ணிலும் பார்க்கலாம். 27,500 ஏக்கர் அடியைக் கன அடியாக்கினால் 1,197,900,000. இலக்கக் கூட்டுத்தொகை 27. மாறிமாறிக் கூட்டிக் கழித்தால் −11. இரண்டும் சரி. இதையே யாராவது 1,198 மில்லியன் என்று மட்டந்தட்டி அச்சிட்டால் கூட்டுத்தொகை 19 ஆகிவிடும். எண் கிட்டத்தட்ட அதேதான், ஆனால் இனி அதைச் சோதிக்க வழியில்லை.

ஒவ்வொரு சோதனைக்கும் ஒரு பொத்தல் உண்டு. அதையும் சொல்ல வேண்டும். 4,356,000,000 என்பதை 4,536,000,000 என்று அச்சுக் கோத்துவிட்டால் 9இன் சோதனை அதைப் பிடிக்காது. இலக்கங்கள் அவையேதான், கூட்டுத்தொகை மாறாது. 11இன் சோதனை பிடிக்கும்: 6 − 3 + 5 − 4 = 4. இந்த ஒரு மாற்றத்தால் 18 கோடி கன அடி கூடுகிறது, அது 4,132 ஏக்கர் அடிக்கு மேல். ஏக்கருக்கு 4 ஏக்கர் அடி வேண்டும் என்று வைத்தால் ஆயிரம் ஏக்கருக்கு மேற்பட்ட வயலின் தண்ணீர் அது, தாளில் மட்டும் இருக்கிற தண்ணீர். ஒன்றுவிட்ட இலக்கங்கள் இடம் மாறினால் நிலைமை இன்னும் மோசம். 5,346,000,000 என்று வந்தால் 9உம் விட்டுவிடும், 11உம் விட்டுவிடும். 5346க்கும் 4356க்கும் வித்தியாசம் 990, அது 99இன் மடங்கு. பூச்சியம் ஒன்று விழுந்து 435,600,000 ஆனாலும் இரண்டு சோதனைகளும் வாய் திறக்கா.

இதற்குத்தான் 7. 43,560 உடன் ஒன்றைக் கூட்டினால் 43,561. அது 7 × 6,223. இதிலிருந்து ஒரு நல்ல விதி கிடைக்கிறது: ஏக்கர் அடி எண்ணையும் கன அடி எண்ணையும் கூட்டினால் வருவது எப்போதும் 7ஆல் பிரிபட வேண்டும். ஒரு இலட்சத்தையும் 4,356,000,000ஐயும் கூட்ட 4,356,100,000. 7ஆல் நெடும்பிரித்தல் செய்யத் தேவையில்லை. காற்புள்ளி போட்ட மூன்று மூன்று இலக்கக் கூட்டங்களை வலப்பக்கத்திலிருந்து மாறிமாறிக் கூட்டிக் கழித்தால் போதும்: 0 − 100 + 356 − 4 = 252, அது 7 × 36. சரி. (7 × 11 × 13 = 1001 என்பதால் இது நடக்கிறது.) பூச்சியம் விழுந்த எண்ணுக்குக் கூட்டுத்தொகை 435,700,000: 0 − 700 + 435 = −265, 7ஆல் பிரிபடாது. இடம் மாறிய 5,346,000,000க்குக் கூட்டுத்தொகை 5,346,100,000: 0 − 100 + 346 − 5 = 241, அதுவும் பிரிபடாது. இரண்டு பிழையும் அகப்பட்டுவிட்டன. பிழையின் அளவே 7இன் மடங்காக அமைந்தால் இந்தச் சோதனையும் தவறும். ஆனால் 9, 11, 7 மூன்றையும் தாண்டிப் போக வேண்டுமானால் பிழை 693இன் மடங்காக இருக்க வேண்டும். கைப்பிழையில் அது அரிது.

இங்கே காற்புள்ளி பற்றியும் ஒரு வார்த்தை. மேற்சொன்ன முறைக்கு மூன்று மூன்றாகப் பிரித்த எழுத்துமுறை வேண்டும். 4,35,60,00,000 என்று இந்திய முறையில் அச்சானால் கோடியை வாசிக்க வசதி, சோதிக்க வசதியில்லை. ஒரே பக்கத்தில் இரண்டு முறையும் கலந்து வருவதுதான் கெடுதல்.

வாய்க்கால் கணக்கில் இந்த எண் இன்னும் நன்றாகப் பேசும். துருசால் செக்கனுக்கு ஒரு கன அடி என்று இடைவிடாமல் ஒரு நாள் ஓடினால் 86,400 கன அடி. இது இரண்டு ஏக்கர் அடி என்று எல்லோரும் வைத்துக்கொள்வது. மிகவும் கிட்டிய கணக்குத்தான், ஆனால் சரியான கணக்கு இல்லை. 86,400 = 2⁷ × 3³ × 5². இதற்கும் 43,560க்கும் பொதுக் காரணிகளுட் பெரியது 360. அதால் இரண்டையும் பிரிக்க 240, 121. அதாவது செக்கனுக்கு ஒரு கன அடி 121 நாள் ஓடினால் 240 ஏக்கர் அடி, ஒரு சொட்டும் கூடாமல் குறையாமல். 121 நாள் என்பது நாலு மாத நெல்லின் வயது. இதையே மணித்தியாலத்தில் பார்த்தால், 121 மணித்தியாலத்தில் 10 ஏக்கர் அடி; ஆகவே ஒரு ஏக்கர் அடிக்கு 12.1 மணித்தியாலம், அது 12 மணித்தியாலமும் 6 நிமிடமும். ஏக்கரில் ஓர் அங்குலத் தண்ணீர் ஏற ஒரு மணித்தியாலமும் 30 செக்கனும். வாய்க்காலில் கசிவு இல்லை, மண் குடிக்கவில்லை என்று வைத்து வரும் கணக்கு இது. முறை வைத்துத் தண்ணீர் திறப்பவர் இதற்கு மேல் தன் வாய்க்காலின் இழப்பைச் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

இப்போது ஒரு இலட்சம் ஏக்கர் அடியை எடுங்கள். செக்கனுக்கு 500 கன அடி திறந்தால் எத்தனை நாள்? நாளுக்கு இரண்டு ஏக்கர் அடி என்ற வாய்க்கணக்கில் சரியாக 100 நாள். உண்மையில் 100 நாளும் 20 மணித்தியாலமும். அந்த 20 மணித்தியாலம் ஒரு நாளின் ஆறில் ஐந்து பங்காக வந்து நிற்பதற்குக் காரணமும் காரணிகளில் இருக்கிறது: 86,400க்குள் மூன்று தடவை 3 உண்டு, நம் எண்ணுக்குள் இரண்டு தடவைதான். ஒரு 3 போதாமல் போகிறது. அதனால் நாட்கணக்கு ஒருபோதும் முழு எண்ணாக முடியாது, செக்கனுக்கு ஒரு கன அடி திறந்தாலும் 50,416.666… நாள் என்று ஓடிக்கொண்டேயிருக்கும்.

காணி அளக்கும்போது வரும் அரையும் காலும் இதே வகை. ஏக்கரில் பதினாறில் ஒன்று ஒரு பரப்பு: 2,722.5 சதுர அடி. நூற்றறுபதில் ஒன்று ஒரு பேர்ச்: 272.25. உறுதியில் இந்த .5உம் .25உம் ஏன் விடாமல் வருகின்றன என்று கேட்கும் பிள்ளைக்கு விடை: 43,560க்குள் 2 மூன்று தடவைதான் இருக்கிறது. பதினாறுக்கு நான்கு தடவை வேண்டும், ஒன்று குறைவதால் அரை. நூற்றறுபதுக்கு ஐந்து தடவை வேண்டும், இரண்டு குறைவதால் கால்.

மீற்றருக்கு மாற்றும்போது அந்நியமான ஒரு முதன்மை எண் உள்ளே நுழைகிறது. 1959 முதல் ஒரு அடி 0.3048 மீற்றர் என்பது வரையறை. 3048 = 2³ × 3 × 127. அந்த 127தான் தொல்லை. அடியை மீற்றராக்கினால் விடை தசமத்தில் முடியும்: ஒரு ஏக்கர் அடி 1,233.48183754752 கன மீற்றர், அதற்கு மேல் ஓர் இலக்கமும் இல்லை. மீற்றரை அடியாக்கப் போனால் 127ஆலும் 3ஆலும் பிரிக்க நேரிடும், முடிவே வராது. ஆகவே எங்கோ வெட்டத்தான் வேண்டும். நம் ஒரு இலட்சம் ஏக்கர் அடி 123.348 மில்லியன் கன மீற்றர். செய்தியில் 123 என்று வெட்டிப் போட்டு, அதை வாசித்தவர் மறுபடி ஏக்கர் அடிக்குத் திருப்பினால் 99,718 வரும். 282 ஏக்கர் அடி தாளிலேயே வற்றிவிட்டது. இரண்டாம் தடவை மாற்றி எழுதும் செய்தியில் அது மூல எண்ணாகவே நின்றுவிடும்.

கமக்காரர் அமைப்புகளுக்குக் கணினியில் கணக்கு எழுதிக் கொடுக்கும் இளைஞர்களுக்கு ஓர் எச்சரிக்கை. 32 பிற்று (இரும இலக்கம்) கொண்ட முழு எண்ணில் பெறத்தக்க மிகப் பெரிய பெறுமானம் 4,294,967,295. நம் எண் அதைத் தாண்டிவிட்டது. கொள்ளளவைக் கன அடியில் 32 பிற்றுக்குள் வைத்தால் சுற்றி வந்து 61,032,704 என்று காட்டும், அது 1,401 ஏக்கர் அடி. குளம் வான் பாயும் நாளில் திரையில் குளம் வற்றிக் கிடக்கும். 98,598 ஏக்கர் அடி வரை ஒழுங்காக வேலை செய்யும் என்பதால் சின்னக் குளங்களில் சோதித்தவருக்கு இந்தப் பிழை தெரியவே தெரியாது. மறை எண்ணுக்கும் இடம் விட்ட வகையாக இருந்தால் 49,300 ஏக்கர் அடியிலேயே குழம்பிவிடும். 64 பிற்றில் வைக்க வேண்டும், அல்லது ஏக்கர் அடியிலேயே வைத்துக் கடைசியில் பெருக்க வேண்டும். 32 பிற்று மிதவைப் புள்ளியும் (தசம எண்களை வைக்கும் வகை) வேண்டாம். அந்த அளவில் அதன் படிகள் 512ஆக இருக்கும். நம் எண்ணில் 2இன் சுட்டி 8 மாத்திரம், 512க்கு 9 வேண்டும், ஆகவே எண் சரியாக இரண்டு படிகளுக்கு நடுவில் விழுந்து 4,355,999,744 ஆகிவிடும். கடைகளில் வைத்திருக்கும் எட்டு இலக்கக் கணிகருவியில் 66,000ஐ 66,000ஆல் பெருக்கினாலும் வழு அடையாளந்தான் வரும். 66ஐ 66ஆல் பெருக்கிப் பூச்சியம் ஆறைக் கையால் எழுதுவது பாதுகாப்பு.

சாதாரண தர மாணவருக்குச் சில கேள்விகளும் இந்த எண்ணிலிருந்தே எடுக்கலாம். இதற்கு எத்தனை காரணிகள்? சுட்டி ஒவ்வொன்றுடனும் ஒன்று கூட்டிப் பெருக்க: 9 × 3 × 7 × 3 = 567. நிறைவர்க்கம் என்பதால் ஒற்றை எண்ணிக்கை: 283 சோடிகளும், தனக்குத் தானே சோடியான 66,000உம். இதை நிறைகனமாக்க எந்தச் சிறிய எண்ணால் பெருக்க வேண்டும்? மறுபடி 66தான், கனமூலம் 6,600. இதற்கு ஒன்று குறைந்த 4,355,999,999 முதன்மை எண்ணா? வர்க்கமூலம் வரை, அதாவது 66,000 வரையுள்ள ஆறாயிரத்துக்கு மேற்பட்ட முதன்மை எண்களையெல்லாம் போட்டுப் பார்க்கத் தேவையில்லை. இரு வர்க்கங்களின் வித்தியாசம்: 65,999 × 66,001. அதிலும் 66,001 = 13 × 5,077. ஒன்று கூடிய 4,356,000,001க்கு இந்தக் குறுக்குவழி கிடையாது. ஆனால் வர்க்கமொன்றுடன் ஒன்று கூட்டிய ஒற்றை எண்ணை, நான்கால் பிரிக்க மீதி 1 வரும் முதன்மை எண்கள் மட்டுமே பிரிக்கும். 3, 7, 11, 19, 23 என்பவற்றைத் தொடவே தேவையில்லை, வேலை பாதியாகிவிடும்.

தங்களிடம் நாம் கேட்பது இவ்வளவுதான். குளக் கொள்ளளவுச் செய்திகளில் ஏக்கர் அடி எண்ணை முதலில், முழு இலக்கங்களில் போடுங்கள். கன அடியும் போடுவதானால் மட்டந்தட்டாமல், மூன்று மூன்றாகக் காற்புள்ளியிட்டு, பக்கத்திலேயே போடுங்கள். கன மீற்றருக்கு மாற்றிய எண்ணைத் தசமத்தின் பின் மூன்று இலக்கமாவது வைத்துக் கடைசியில் போடுங்கள், 'ஏக்கர் அடியிலிருந்து மாற்றப்பட்டது' என்ற குறிப்போடு. எண் முழுதாக இருந்தால் பரந்தனிலோ வட்டக்கச்சியிலோ பத்திரிகை வாசிக்கும் ஒரு தரம் 9 மாணவி அதை 9ஆலும் 11ஆலும் 7ஆலும் சோதித்து, பிழையிருந்தால் மறுநாளே தங்களுக்கு எழுதுவாள்.

இப்படிக்கு,
வன்னிப் பகுதிக் கணித ஆசிரியர்கள் சிலர்